‘டிரெயின்டு’ என்றால், எதில் என்று கேளுங்கள்

மதுரையில் எந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்றாலும் சுவரில் ஒரு போஸ்டர் கண்ணில் படுகிறது: ‘டிரெயின்டு நர்ஸ், 24 மணி நேரமும் கிடைக்கும்’. அதை நம்பி ஆள் வைத்த வீடுகளுக்கு, நிலைமை கைமீறிய பிறகு என்னைக் கூப்பிடுகிறார்கள். செவிலியராக இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

போன வாரம் திருமங்கலம் பக்கம் ஒரு வீடு. பக்கவாதத்தில் படுத்த பெரியவர், மூக்கு வழியாக உணவுக் குழாய். தலையணையை உருவிவிட்டு, மல்லாக்கப் படுத்திருந்தவருக்குப் பெரிய சிரிஞ்சில் கஞ்சியை அழுத்திச் செலுத்திக்கொண்டிருந்தார் உடனிருக்கும் பெண். பெரியவர் இருமினார், முகம் கறுத்தது. நிறுத்தச் சொன்னேன். “இவர் டிரெயின்டு சிஸ்டர்தான், மேடம்” என்றார் மகன். மறுநாள் காய்ச்சல்; கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா என்று மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். குளிப்பாட்டவும், டயப்பர் மாற்றவும், புரட்டிப் படுக்கவைக்கவும் ஏஜென்சியில் சில நாள் சொல்லிக்கொடுத்தார்களாம். அதில் அவர் தேர்ந்தவர். பெரியவரின் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண்ணுக்கு முன்னால் வரும் சிவப்புத் தடம்கூட இல்லை. குழாயைப் பற்றி அவருக்கு யாருமே சொல்லவில்லை.

‘டிரெயின்டு’ என்ற ஆங்கிலச் சொல் ஒருவர் ஏதோ ஒன்றைப் பழகியிருக்கிறார் என்று மட்டும்தான் சொல்கிறது. எதை, எத்தனை நாள், யாரிடம், தேர்வு வைத்தார்களா? இவற்றில் ஒன்றுக்கும் அதில் பதில் கிடையாது. ஒரு காலத்தில் அதற்கு எடை இருந்தது. 1860இல் லண்டனில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய பிறகு, முறையாகப் படித்தவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டிய சொல் அது. இங்கே 1908இல் உருவான செவிலியர் சங்கத்தின் பெயரே ‘டிரெயின்டு நர்ஸஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா’. ஆனால் 1926ஆம் ஆண்டின் மதராஸ் செவிலியர் சட்டத்துக்குப் பிறகு இந்த மாகாணத்தில் பதிவுதான் அளவுகோல். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் பதிவு ஆகாது. பத்து வருடம் மருத்துவமனையில் ஆயாவாக இருந்த அனுபவமும் ஆகாது. துணைச் செவிலியர் படிப்பே இரண்டு ஆண்டு, டிப்ளமோ மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நான்கு ஆண்டு. படித்தவரிடம் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் குழுமத்தின் பதிவு எண் இருக்கும். கேளுங்கள், உண்மையான செவிலியர் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார். ஏஜென்சி மழுப்பினால், நீங்கள் வைத்திருப்பது உதவியாளர் என்று புரிந்துகொள்ளுங்கள். உதவியாளர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசியையும் குழாயையும் அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

குழாயில் உணவு கொடுப்பவர் யாராக இருந்தாலும் சரி, தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்த வேண்டும்; உணவு முடிந்து ஒரு மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் மூக்கருகே குழாயில் உள்ள குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் காற்றடித்துச் சத்தம் கேட்பதை நம்பாதீர்கள். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அதே சத்தம் கேட்கும். கஞ்சி தானாக இறங்கட்டும், அழுத்தாதீர்கள். இருமினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்துங்கள். குழாய் வெளியே வந்துவிட்டால் வீட்டில் யாரும் திரும்பச் செருகக் கூடாது.

டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் அவசரத்தில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. தயவுசெய்து வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். அவர் எதிரிலேயே ஒருமுறை உங்கள் கையால் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகும் பெண்ணையும் அன்றே வார்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.