லைப்ரரியன் சங்கம் எதுக்கு, சந்தா கட்டினா மட்டும் போதுமா?

நம்ம தொழில்ல நிறைய பேர் தனியாளாத்தான் வேலை பாக்குறாங்க. ஸ்கூல், ஆஸ்பத்திரி, கம்பெனின்னு எந்த லைப்ரரிய எடுத்தாலும் பெரும்பாலும் ஒரே ஒரு லைப்ரரியன். மத்த டிபார்ட்மென்ட்ல ஒரு சந்தேகம்னா பக்கத்து சீட்ல கேக்கலாம், நமக்கு பக்கத்து சீட்டே கிடையாது. அதனாலதான் சங்கம் மத்தவங்கள விட நமக்கு ரொம்ப அவசியம்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டே இருக்கேன்.

அடிக்கடி நடக்குற ஒண்ணு சொல்றேன். நிர்வாகத்துல இருந்து ஒருத்தர் வந்து "இந்த மெம்பர் ஆறு மாசமா என்னென்ன புக் எடுத்திருக்கார், ஒரு பிரின்ட் அவுட் குடுங்க"ன்னு கேப்பார். சாஃப்ட்வேர்ல ரெண்டு க்ளிக் வேலைதான். ஆனா ஒருத்தர் என்ன படிக்கிறார்ங்கிறது அவரோட சொந்த விஷயம், அத வெளிய விடாம பாத்துக்கிறது நம்ம பொறுப்பு. நாம தனியா நின்னு "தர முடியாது சார்"னு சொன்னா திமிருன்னு நினைப்பாங்க, அதையே உலக லைப்ரரி சங்கங்களோட கூட்டமைப்பான இஃப்லா 2012ல வெளியிட்ட நெறிமுறைய எடுத்துக் காட்டி "எங்க தொழில்ல இப்படித்தான் இருக்கு, வேணும்னா எழுத்துல கேளுங்க"ன்னு சொன்னா பேச்சோட போக்கே மாறிடும். பெரும்பாலும் அதோட விட்டுடுவாங்க.

கேட்டலாக் போடுறதும் அப்படித்தான். ஆசிரியர் பேர்ல எத முன்னாடி போடணும்னு ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தா ஒரு லைப்ரரி ரெக்கார்ட இன்னொரு லைப்ரரி எடுத்து யூஸ் பண்ணவே முடியாது. இஃப்லா 1961ல பாரிஸ்ல மாநாடு கூட்டி அடிப்படைக் கொள்கைகள முடிவு பண்ணுச்சு, அத வச்சு அமெரிக்க, பிரிட்டிஷ், கனடா சங்கங்கள் சேர்ந்து 1967ல ஏஏசிஆர்ங்கிற கேட்டலாக் போடுற விதிகள கொண்டுவந்தாங்க. எந்த ஒரு லைப்ரரியும் தனியா செய்யக்கூடிய வேலையா இது?

சட்டத்துக்கும் சங்கம் வேணும். 1928ல ஆரம்பிச்ச மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன் மூலமா நம்ம நாட்டு நூலகத் துறையோட முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதனும் கூட இருந்தவங்களும் வருஷக்கணக்கா விடாம கேட்டுட்டே இருந்தாங்க, 1948ல மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்துச்சு.

"சங்கம் எனக்கு சம்பளம் ஏத்திக் குடுத்துச்சா?"ன்னு சிலர் கேக்குறாங்க. சம்பளம் பேசுறது தொழிற்சங்கத்து வேலை, இது தொழிலோட தரத்துக்கான சங்கம், ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அதே நேரத்துல சங்கத்து மேலயும் எனக்கு வருத்தம் உண்டு, பல இடத்துல வருஷக்கணக்கா அதே முகங்கள்தான் பொறுப்புல, புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு மேடை ஏற்பாடு பண்றதத் தவிர வேற வேலை தர்றதில்ல. ஒரு கமிட்டில உக்கார வைங்க, டிராஃப்ட் எழுத விடுங்க, அப்பதான் அடுத்த தலைமுறை வரும்.

உறுப்பினர்களும் ரெஸ்யூமேல ஒரு வரி சேக்குறதுக்காக மட்டும் சந்தா கட்டாதீங்க. அடுத்த தடவ ஒரு தரநிலை டிராஃப்ட கருத்துக் கேட்டு அனுப்பினாங்கன்னா, உங்க கவுன்டர்ல அதுல எந்த வரி வேலைக்கு ஆகாதுன்னு ரெண்டு பாரா எழுதி அனுப்புங்க.