சைனஸைப் பெருக்குவதா?

போன மாதம் அத்தையைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தேன். மேல்வரிசைக் கடைவாயில் இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகிப் பதிக்கும் செயற்கைப் பல்வேர், வைக்க வேண்டும். கையெழுத்துக்கு நீட்டிய ஒப்புதல் படிவத்தில் 'சைனஸ் பெருக்க அறுவை சிகிச்சை' என்று அச்சாகியிருந்தது. அத்தை கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "எனக்கு சைனஸே கிடையாதேப்பா, இல்லாததை எதுக்குப் பெருக்கணும்?" பக்கத்து நாற்காலி அம்மாவோ, சைனஸைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள் என்றே புரிந்துகொண்டிருந்தார்.

இரண்டு பேர் மேலும் தப்பில்லை. சொல்தான் தப்பு. விளம்பரப் பலகையிலும் காணொளியிலும் இதையே கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது.

சைனஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு வளைவு, மடிப்பு, குடா என்று பொருள். கணக்கில் வரும் 'சைன்' கூட இதே சொல்தான். 'ஜீவா' என்ற சமஸ்கிருதச் சொல் அரபுக்குப் போனது, அங்கே 'ஜைப்' என்று தவறாக வாசிக்கப்பட்டது, மடிப்பு என்ற பொருளில் லத்தீனுக்கு வந்தது. ஒரு மொழிபெயர்ப்புப் பிழை எத்தனை நூற்றாண்டு தங்கும் என்பதற்கு அதுவே சாட்சி. உடலில் சைனஸ் என்பது முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை. நோயின் பெயரே அல்ல.

மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு நேர் மேலே, கன்னத்துக்குள் இருக்கிறது இந்த அறை. பல் போய்ப் பல வருடம் ஆனால் தாடை எலும்பு தேயும். அறையும் கீழ்நோக்கி விரியும். அதாவது சைனஸ் ஏற்கெனவே பெருகிவிட்டது, அதுதான் சிக்கலே! இம்பிளாண்ட் திருகைப் பிடித்துக்கொள்ள எலும்பு போதாது. அதற்காக மருத்துவர் கன்னப் பக்கத்து எலும்பில் சின்ன சன்னல் வெட்டுகிறார். அறையின் உட்சவ்வு அவித்த முட்டையின் உள்தோல் போல மெல்லியது. அதைக் கிழியாமல் மேலே தூக்கி, அடியில் ரவை மாதிரியான எலும்புத் துகளை நிரப்புகிறார். சில மாதங்களில் அங்கே புது எலும்பு விளைகிறது. பாய்ன், ஜேம்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1980இல் இம்முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சிகிச்சை முடிந்ததும் பெருகியிருப்பது எலும்பு, சைனஸ் சுருங்கியிருக்கும். ஆகவே 'சைனஸ் பெருக்கம்' என்பது சிகிச்சைக்கு நோயின் பெயரைச் சூட்டுவது.

ஆங்கிலத்திலேயே 'சைனஸ் ஃப்ளோர் ஆக்மென்டேஷன்' என்ற முழுப்பெயரில் 'தரை' (ஃப்ளோர்) என்ற சொல் உண்டு. பேச்சுச் சுருக்கத்துக்காக அவர்கள் அதை விட்டார்கள். நம்மவர்கள் சுருக்கத்தை மட்டும் எடுத்து, அகராதியைப் புரட்டி, முதலில் கண்ட 'பெருக்கம்' என்பதைப் பொருத்திவிட்டார்கள். அந்தச் சிகிச்சையில் எது எங்கே நகர்கிறது என்று ஒரு படத்தையாவது பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க முடியாது. மருத்துவத் தமிழில் பாதிக் கோளாறு இங்கிருந்துதான் வருகிறது. பொருள் தெரியாமல் சொல்லை மட்டும் பெயர்க்கிறார்கள். படித்துக் கையெழுத்துப் போடுகிறவர் பயப்படுகிறார்.

என் பரிந்துரை 'கன்னக் காற்றறைத் தரை உயர்த்தல்'. நீளம்தான், ஆனால் எங்கே என்ன நடக்கிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. சைனஸ் என்றாலே தலைவலியும் மூக்கடைப்பும் நினைவுக்கு வரும் ஊரில் 'காற்றறை' பயத்தையும் குறைக்கும். அது கூடாது என்றால் 'சைனஸ் தரை உயர்த்தல்' என்றாவது எழுதுங்கள். படிவத்தின் பின்பக்கம் பென்சிலால் வரைந்து காட்டியபோது அத்தை கேட்டது, "மாடித் தரையைக் கொஞ்சம் தூக்கி, அடியில மண்ணு கொட்டுற மாதிரியா?" அவ்வளவேதான்.

அப்புறம், அதே படிவத்தில் 'போன் கிராஃப்ட்' என்பதற்கு, அதாவது அந்த எலும்புத் துகள் வைப்பதற்கு, எழுதியிருந்த 'எலும்பு மாற்று'. சிறுநீரக மாற்று என்றால் கெட்டதற்குப் பதில் வேறொன்று. இங்கே எந்த எலும்பையும் எடுத்துவிட்டு மாற்றவில்லை. 'எலும்பு ஒட்டுதல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள், கை முறிந்தவரிடம் "எலும்பு ஒட்டிடுச்சா?" என்று கேட்கும் தமிழில் அது முறிவு கூடுவதையே குறிக்கும். கிராஃப்ட் என்பது எழுத்தாணிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒட்டுக்கட்டச் சீவிய குச்சி எழுத்தாணி போல் கூராக இருக்குமாம். நம் தோட்டத்தில் ஒட்டுமா இருக்கிறதே, அதே ஒட்டு. எனவே வைக்கும் பொருள் 'எலும்பு ஒட்டு', வைக்கும் செயல் 'எலும்பு ஒட்டு வைத்தல்'.