சப்டைட்டில் யாருக்காக?

தமிழ் நாடகத்துக்கு மலாயில் சப்டைட்டில் போடுவது மற்ற இனத்தவருக்காகத்தான் என்று எங்கள் துறையில் பலரும் நினைக்கிறார்கள். கோலாலம்பூரில் அதை எழுதிச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த வரிகளை நம்பி நம் வீட்டு வரவேற்பறையிலேயே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்: காது கேளாத தமிழர்.

காது கேளாதோருக்கான அரசுப் பள்ளிகளில் பாடமொழி மலாய். பினாங்கில் 1954இல் தொடங்கிய பள்ளி இந்நாட்டில் இதற்கு முன்னோடி. இப்படிப்பட்ட பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து பழக்கமில்லை. அம்மா பேசுவது தமிழ், பிள்ளை வாசிப்பது மலாய். ஆகவே நாடகத்தின் அடியில் ஓடும் மலாய் வரிதான் அந்தப் பிள்ளைக்கு நாடகமே.

ஆனால் நாங்கள் பேச்சை மட்டும்தான் எழுதுகிறோம். சமையலறையில் அம்மா வெங்காயம் நறுக்குகிறாள். வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம். கை நின்றுவிடுகிறது, முகம் வெளுக்கிறது. காது கேட்பவருக்கு மகன் வந்துவிட்டான் என்று புரியும். கேளாதவருக்கு? அம்மா ஏன் பயந்தாள் என்றே தெரியாது. 'மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போதும். திரைக்கு வெளியிலிருந்து யாராவது பேசினால் பெயரையும் போட வேண்டும். வசனம் எழுதும்போதே செய்துவிட்டால் கூடுதல் வேலை அதிகமில்லை. தயாரிப்பாளர்கள் 'பட்ஜெட் இல்லை' என்பதை இந்த விஷயத்தில் நான் நம்புவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது 685ஆம் சட்டம், பண்பாட்டு வாழ்வில் பங்கெடுக்கும் உரிமையைச் சொல்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை, அங்கேதான் இடிக்கிறது. பிரிட்டனின் 2003ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டம் பத்தாண்டு இலக்காக, ஒளிபரப்பும் நிகழ்ச்சிகளில் 80 விழுக்காடு சப்டைட்டில், 10 விழுக்காடு ஒலி விவரிப்பு, 5 விழுக்காடு சைகை மொழி என்று எண்ணைப் போட்டே சொன்னது. விலக்குகள் உண்டு, இருந்தாலும் கணக்குக் கேட்க ஓர் எண் இருந்தது.

ஒலி விவரிப்பு என்றால், பேச்சில்லாத இடங்களில் திரையில் நடப்பதைப் பார்வையற்றவர்களுக்குக் குரலில் சொல்வது. தமிழ் நாடகங்களுக்கு அதை எழுத ஆள் வேண்டுமென்றால் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போய்க் கேளுங்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. எது சொல்லப்பட வேண்டும், எது வெறும் தொந்தரவு என்று பார்வையற்றவரைவிட யாருக்குத் தெரியும்?

மாற்றுத்திறனாளிகளுக்கு நடிப்பு வாய்ப்பு என்பது அடுத்த வழக்கு. சக்கர நாற்காலிக்காரர் கடைசி எபிசோட்டில் எழுந்து நடக்கும் கதையை இன்னும் எத்தனை நாள் எழுதப் போகிறோமோ தெரியவில்லை!

சரி, இப்போதைக்கு ஒன்று கேட்கிறேன். நாடகத்தைச் சேனலுக்கு அனுப்புமுன் காது கேளாத ஒருவரிடம் சப்டைட்டிலோடு போட்டுக் காட்டுங்கள். அவர் எங்கே முகம் சுளிக்கிறாரோ அந்த நேரக்குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த வேலைக்குக் கூலி கொடுங்கள். 'தொண்டு' கணக்கில் வேண்டாம், எடிட்டருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் போடும் அதே பட்டியலில்.