ஸ்னூட்: நாடாவா, கொண்டை வலையா?

நீளமான கூந்தலை ஐரோப்பாவின் இடைக்காலப் பெண்களைப் போல முடிந்துகொள்ள ஆசைப்பட்டுத் தேடத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே 'ஸ்னூட்' என்ற சொல்லில் வந்து நிற்பார்கள். நாடகத்துக்கு உடை தைப்பவரானாலும் சரி, வேலை நேரத்தில் முடி முகத்தில் விழாமல் இருந்தால் போதும் என்பவரானாலும் சரி, கடைகள் இந்தப் பெயரில் காட்டுவது ஒன்றைத்தான்: பின்னந்தலைக் கூந்தல் மொத்தத்தையும் அள்ளிப் போட்டுக்கொள்ளும் வலைப்பை. ஆனால் இடைக்கால இங்கிலாந்தில் ஒரு பெண்ணிடம் ஸ்னூட் எங்கே என்று கேட்டிருந்தால், அவள் நாடாவைத்தான் எடுத்துக் காட்டியிருப்பாள்.

வலையும் அந்தக் காலத்தில் இருந்தது. அதற்குப் பெயர் வேறு. இது தெரியாமல் ஸ்னூட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடினால் பாதி இடங்களில் தவறாகத்தான் மொழிபெயர்ப்போம்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் 'ஸ்னோட்'. லத்தீன் சொற்களுக்கு ஆங்கிலப் பொருள் எழுதிவைத்த அக்காலத் துறவிகள், 'விட்டா' என்ற சொல்லுக்கு நேராக இதை எழுதினார்கள். விட்டா என்பது ரோமானியர்கள் தலையில் கட்டிய நாடா. இன்னும் பின்னால் போனால், நூற்பதையும் தைப்பதையும் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றில் போய் முடிகிறது. ஊசிக்கான ஆங்கிலச் சொல் 'நீடில்' பிறந்ததும் அதே வேரில்தான். ஸ்வீடன்காரர்கள் இன்றும் முடி கட்டும் ரப்பர் பேண்டை 'ஹோர்ஸ்னுட்' என்கிறார்கள். 'ஹோர்' என்றால் முடி, 'ஸ்னுட்' என்றால் முறுக்கிய கயிறு. ஆக, இந்தச் சொல்லின் குடும்பம் முழுக்க நூலும் கயிறும் நாடாவும்தான்.

சொல்லுக்கு ஆழமான சமூகப் பொருள் சேர்ந்த இடம் ஸ்காட்லாந்து. அங்கே மணமாகாத பெண்கள் தலையைச் சுற்றியோ பின்னலோடு சேர்த்தோ ஸ்னூட் கட்டினார்கள். அது கன்னிமையின் அடையாளம். கல்யாணத்துக்கு மறுநாள் காலை அந்த நாடாவை அவிழ்த்துவிட்டு, 'கர்ச்' எனப்படும் வெள்ளை லினன் துணியைத் தலையில் கட்டிவிடுவார்கள். அந்தத் துணியை முக்கோணமாக மடித்துக் கட்டுவது வழக்கம். மூன்று முனைகளும் கிறிஸ்தவ மும்மையைக் குறிப்பதாகச் சொன்னார்கள். மணமாகாமல் தாயான பெண்ணுக்கு ஸ்னூட்டும் இல்லை, கர்ச்சும் இல்லை. தெருவில் நடந்து வரும் பெண்ணின் தலையைப் பார்த்தே ஊர் தீர்ப்பு எழுதிவிடும். ஒரு முழ நாடாவுக்கு அவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்து வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம். 'அவள் ஸ்னூட்டை இழந்தாள்' என்று ஒரு ஸ்காட்லாந்துக் கதையில் வந்தால், கொண்டை வலை தொலைந்துபோனது என்று எழுதிவிடக் கூடாது. அது ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பற்றிய வரி.

இதற்கு நேர் எதிராக, இன்று மரபு வழுவாத யூதக் குடும்பங்களில் ஸ்னூட் மணமான பெண் அணிவது. கல்யாணத்துக்குப் பிறகு தலைமுடியை மறைக்க வேண்டும் என்பது அவர்கள் மரபு. அதற்குத் துணியாலோ நெருக்கமான பின்னலாலோ செய்த பை மாதிரியான ஸ்னூட்டைப் போட்டுக்கொள்கிறார்கள். ஓரிடத்தில் மணமாகாதவளின் நாடா, இன்னோரிடத்தில் மணமானவளின் உறை. பெயர் ஒன்றுதான்.

சரி, வலைக்கு வருவோம். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் வசதியான பெண்கள் அணிந்த கூந்தல் வலையின் பெயர் 'க்ரெஸ்பின்'. சுருளைக் குறிக்கும் லத்தீன் சொல் 'க்ரிஸ்புஸ்' அதன் மூலம். தேம்ஸ் நதிக்கரையில் நடந்த அகழ்வுகளில் பட்டு நூலால் முடிச்சுப் போட்டுச் செய்த வலைகள் கிடைத்திருக்கின்றன. மீன் வலை பின்னும் அதே முடிச்சு முறைதான், கண்கள் மட்டும் மிகச் சிறியவை. அதைவிட எத்தனையோ மூத்த வலை டென்மார்க்கில் இருக்கிறது. 1935இல் ஸ்க்ரூட்ஸ்ட்ரப் என்ற ஊரில் ஒரு வெண்கலக் காலப் புதைமேட்டைத் தோண்டியபோது, பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முந்தைய உடல். அவள் கூந்தலை உயர்த்தி முடிந்து, அதன் மேல் குதிரை முடியால் பின்னிய வலையைப் போட்டிருந்தார்கள். கோபன்ஹேகனின் தேசிய அருங்காட்சியகத்தில் அவளைப் பார்க்கலாம்.

இவ்வளவு பழைய பொருளுக்கு ஸ்னூட் என்ற பெயர் வந்ததோ சமீபத்தில். அந்தப் பொருளில் இந்தச் சொல்லுக்குக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று 1938ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த வருடங்களில் வலைக் கொண்டை மறுபடி நாகரிகமானபோது, பழைய காலத்து வாசனையுள்ள ஒரு பெயரை எடுத்து அதற்குச் சூட்டிவிட்டார்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆயுதத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்கு நடுவே நின்ற பெண்கள் முடி சிக்காமல் இருக்க ஸ்னூட் போட்டுக்கொண்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது. இன்று 'இடைக்கால ஸ்னூட்' என்று விற்கப்படும் வலைக்கு ஒட்டியிருப்பது முப்பதுகளின் பெயர்.

சரி, இடைக்காலப் பெண்ணின் கூந்தல் நாள் முழுக்க நின்றதே, எப்படி? அவளிடம் ரப்பர் பேண்ட் இல்லை, வளைத்த கம்பிக் கொண்டை ஊசியும் இன்று போலப் பெட்டி பெட்டியாகக் கிடைக்கவில்லை. பிடிமானம் கொடுத்தது நாடா. பழைய காலத்து முடி அலங்காரங்களை இன்று மீண்டும் செய்து பார்க்கிற ஆர்வலர்கள் இந்த முறையை 'ஹேர் டேப்பிங்' என்கிறார்கள். இடைக்காலத்தின் கடைசியிலும் அதை அடுத்தும் வரைந்த இத்தாலிய ஓவியங்களில், நாடா பின்னலின் மேல் குறுக்காக ஏறி இறங்குவதைக் கூர்ந்து பார்த்தால் தெரியும்.

செய்முறை எளிது. நடு வகிடு எடுத்து, இரண்டு காதுக்கும் பின்னால் ஒவ்வொரு சடை பின்ன வேண்டும். இடது சடையை உச்சி வழியாக வலப்பக்கம் கொண்டுபோய், வலது சடையை இடப்பக்கம் கொண்டுவந்து, நுனிகளை ஒன்றின் கீழ் ஒன்றாகச் செருக வேண்டும். இப்போது மொட்டை முனையுள்ள பெரிய ஊசி ஒன்றில் நாடாவைக் கோத்து, சடைக்கு அடியில் நுழைத்து, அங்கே தலையோடு ஒட்டியிருக்கும் முடியில் கொஞ்சத்தைச் சேர்த்துப் பிடித்து, சடைக்கு மேலே எடுத்து, இரண்டு விரல் தள்ளி மறுபடி உள்ளே விட வேண்டும். சாக்கு மூட்டையின் வாயைக் கோணூசியால் தைப்பது போல, தலையைச் சுற்றி இப்படியே போக வேண்டியதுதான். சுற்று முடிந்ததும் நாடாவின் இரண்டு முனைகளையும் பிடரியில் முடிந்தால் வேலை தீர்ந்தது. இடுப்பு வரை கூந்தல் உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று மீட்டர் நாடா வேண்டியிருக்கும்.

நாடா விஷயத்தில் ஒரு வார்த்தை. பளபளப்பான சாட்டின் ரிப்பன் அழகாக இருக்கும், ஆனால் வழுக்கும். எண்ணெய் வைத்த முடியில் சுத்தமாக நிற்காது. அரை அங்குல அகலப் பருத்தி நாடா, அதாவது பாவாடை நாடா, முடியைக் கவ்விப் பிடிக்கும். இடைக்காலத்தில் பயன்பட்ட லினன் நாடாவுக்கும் கம்பளி நாடாவுக்கும் அதே சொரசொரப்பு உண்டு. ஊசி குத்தும் கொண்டையில் நாலைந்து இடத்தில் மட்டும் பாரம் இறங்கும். மாலைக்குள் மண்டை வலிக்கும். நாடா தைத்த சடையில் பாரம் தலையைச் சுற்றிப் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. ஓடினாலும் குனிந்தாலும் அசையாது. இரவு அப்படியே படுத்துவிடலாம் என்பது இதன் பெரிய வசதி.

இதிலும் விரைவான வழி வேண்டுமென்றால் தொப்பி. ஸ்வீடனின் புனித பிரிகிட்டா, 1303இல் பிறந்து 1373இல் மறைந்தவர், அணிந்ததாக நம்பப்படும் லினன் தொப்பி ஒன்று நெதர்லாந்தின் யூடனில் பாதுகாக்கப்படுகிறது. இரண்டு துண்டு லினனை நடுவில் பூவேலைத் தையலால் இணைத்திருக்கிறார்கள். விளிம்பில் தைத்த நீண்ட வளைய நாடாவைப் பிடரியில் குறுக்கே மாற்றி, தலைக்கு மேல் கொண்டுவந்து போட்டால் தொப்பி இறுகிவிடும். முடிச்சே கிடையாது. 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியச் சுவடிகளில் உழைக்கும் பெண்கள் தலையில் இதே சாயலில் தொப்பிகளைக் காணலாம். உள்ளே சடையைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம் என்பதால் அடுப்படிக்கும் வயலுக்கும் தோதானது.

நாடாவும் வலையும் ஒரே தலையில் சேர்ந்த பாணியும் உண்டு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் மிலான் அரசவையில், அதன் ஆட்சியாளரின் மனைவி பெயத்ரிச்சே தெஸ்தே பரப்பிய 'கோஆத்ஸோனே': நீண்ட ஒற்றைச் சடையை நாடாவால் இறுக்கிச் சுற்றி, பின்னந்தலையில் வலைத் தொப்பி வைத்து, நெற்றியில் மெல்லிய கயிறு கட்டுவார்கள். போலந்தின் க்ராகோவில் இருக்கும் லியொனார்தோ டா வின்சியின் ஓவியத்தில், கையில் எர்மின் என்ற கீரி போன்ற சிறு விலங்கை ஏந்திய செசிலியா கல்லெரானியின் நெற்றியில் தெரியும் கறுப்பு இழை இந்தப் பாணியைச் சேர்ந்தது. அந்த நெற்றிக் கயிற்றுக்கு இத்தாலியர் வைத்த பெயர் 'லென்ட்ஸா'. இத்தாலிய மொழியில் தூண்டில் நரம்புக்கும் அதே பெயர். ஆங்கில மீனவர்களும் நீளத் தூண்டில் கயிற்றிலிருந்து கிளைத்து முள்ளைத் தாங்கும் சிறு நரம்பை ஸ்னூட் என்றுதான் சொல்கிறார்கள்.

இனி தமிழ். வலைப் பொருளில் வரும் ஸ்னூட்டுக்குப் புதிதாகச் சொல் கட்டத் தேவையே இல்லை. கொண்டை வலை என்று கேட்டால் ஃபேன்ஸி ஸ்டோரில் எடுத்துக் கொடுப்பார்கள். கொண்டை போடாமல் கூந்தலைத் தளர விட்டு அள்ளிப் போடும் பெரிய வலையானால் கூந்தல் வலை என்று எழுதலாம். க்ரெஸ்பினுக்கும் இந்த இரண்டில் ஒன்று போதும்.

நாடாப் பொருளுக்குக் கூந்தல் நாடா என்பதே என் தேர்வு. ரிப்பன் என்றாலும் குற்றமில்லை; பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை பின்னி, மடித்துக் கட்டி, ரிப்பன் வைத்துப் போன எவருக்கும் நாடா எப்படிச் சடையைத் தாங்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ரிப்பன் என்றவுடன் பூப்போல் விரித்த முடிச்சு கண்ணில் வந்துவிடுகிறது. ஸ்காட்லாந்துப் பெண் கட்டியது அப்படி இல்லை. சிலர் 'பட்டம்' என்று எழுதப் பார்க்கிறார்கள். அது அரசனுக்குக் கட்டுவது, யானை நெற்றியில் கட்டுவது. ஏழைப் பெண்ணின் நாடாவுக்குப் பொருந்தாது.

கவிதை மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொரு சொல் கைகொடுக்கும்: கண்ணி. சங்கத் தமிழில் கண்ணி என்பது தலையில் சூடும் மாலை. புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில் சிவனுக்குக் கொன்றைக் கண்ணி. சோழர்க்கு ஆத்திக் கண்ணி. அதே கண்ணி பறவை பிடிக்கும் சுருக்குக் கயிறும் ஆகும், வலையின் ஒவ்வொரு கண்ணும் ஆகும். தலையில் சூடுவது, கயிறு, வலை என்று ஸ்னூட் பல நூற்றாண்டுகள் எடுத்து நடந்த தூரம் முழுவதும் தமிழில் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. இருந்தாலும் உரைநடையில் 'அவள் கண்ணியை அவிழ்த்தாள்' என்றால் இன்றைய வாசகருக்குப் பொறி என்றுதான் படும். பாட்டில் வைத்துக்கொள்ளலாம், செய்முறைக் குறிப்பில் வேண்டாம்.

மிச்சம் இரண்டு பொருள்கள். வான்கோழியின் அலகு மேல் தொங்கும் சதைக்கும் ஆங்கிலத்தில் ஸ்னூட் என்று பெயர். அதை அலகுத் தொங்கல் என்று எழுதிவிடலாம். அடுத்தது, கழுத்தைச் சுற்றிக் குழாய் போல மாட்டிக்கொள்ளும் குளிர்காலத் துணி. கால்பந்து வீரர்கள் இதை மாட்டிக்கொண்டு ஆட, 2011இல் சர்வதேச விதிக் குழு தடை போட்டது. கையுறை, காலுறை இருக்கும் மொழியில் இதற்குக் கழுத்து உறை என்பது இயல்பாக வருகிறது. 'கழுத்துறை' என்று சேர்த்து எழுதினால் ஏதோ துறையின் பெயர் போல ஆகிவிடும். பிரித்தே எழுதலாம்.