ஆயா ஊட்டிய தயிர் சாதம்

தண்டையார்பேட்டையில் நான் டயட்டீஷியனாக உட்காரும் கிளினிக்குக்கு ஓர் அம்மா வந்தார். கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதிலிருந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். மீன் எண்ணெய், துத்தநாகம், புரோபயாடிக், பி6 - மெக்னீசியம், கால்சியம் சிரப், வைட்டமின் டி சொட்டு மருந்து என்று மொத்தம் ஒன்பது. கூடவே இரண்டு பக்க டயட் சார்ட். பால், தயிர், கோதுமை, மைதா, ரவை, சர்க்கரை எதுவும் கூடாது. பையனுக்கு நாலரை வயது, ஆட்டிசம். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"மூணு மாசமா ஃபாலோ பண்றோம் மேடம். இப்ப கூப்பிட்டா திரும்பிப் பாக்குறான். நைட்டு தூங்குறான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நானும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பினான்.

ஆனால் எடை பார்த்தபோது இடித்தது. அரைக் கிலோ ஏறியிருந்தான். இவன் சாப்பிடுவதே ஐந்து ஐட்டம்தான்: தயிர் சாதம், பால், பிஸ்கட், இட்லி, அப்பளம். சார்ட்படி முதல் மூன்றும் போய்விட்டன. வெறும் இட்லியிலும் அப்பளத்திலும் எடை எப்படி ஏறும்?

"பகல்ல யார் ஊட்டுறாங்க?" என்று கேட்டேன். அம்மா வேலைக்குப் போகிறவர். கதவோரம் உட்கார்ந்திருந்த ஆயா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "புள்ள பட்டினி கெடக்குதேன்னு ரெண்டு வாய் தயிர் சோறு குடுப்பேம்மா." விசாரித்ததில் அந்த ரெண்டு வாய் என்பது தினமும் ஒரு கிண்ணம். மூன்று மாதமும்.

ஆக, டயட்டால் வந்தது என்று அம்மா நம்பிய மாற்றம் வந்திருக்கிறது, டயட் மட்டும் சார்ட்படி நடக்கவேயில்லை. அதே மூன்று மாதத்தில்தான் ஸ்பீச் தெரபி ஆரம்பித்திருந்தார்கள். மலச்சிக்கலுக்கு அரசு மருத்துவமனையில் சிரப் கொடுத்திருந்தார்கள். பையனுக்கு வயதும் மூன்று மாதம் கூடியிருந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளையும் வளரும், கற்றுக்கொள்ளும் என்பதை நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. 1990களின் கடைசியில் அமெரிக்காவில் செக்ரெடின் என்ற ஹார்மோன் ஊசி ஆட்டிசத்துக்கு உதவும் என்று நம்பிப் பெற்றோர்கள் அலைமோதினார்கள். 1999இல் வெளியான ஆய்வில், பாதிக் குழந்தைகளுக்குச் செக்ரெடினும் பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீரும் போட்டார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் முன்னேற்றம் ஒரே அளவு. முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த ஊசியில் இன்னும் ஆர்வமாக இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பால், கோதுமையை நிறுத்தும் டயட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு பழைய ஊகம். இவற்றின் புரதம் சரியாகச் செரிக்காமல், குடல் வழியே ரத்தத்தில் கசிந்து, மூளையில் அபின் போல வேலை செய்கிறது என்பது அது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த டயட்டைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த 14 குழந்தைகளுக்கு, எதில் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாதபடி அந்தப் புரதங்களைத் தின்பண்டத்தில் கலந்து கொடுத்தார்கள். நடத்தை, தூக்கம், மலம் எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் கவனமாகச் செய்தது. பாலை நிறுத்துவதற்கோ விலை உண்டு. ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்பை அளந்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், பால் புரதம் தவிர்த்தவர்களுக்கு எலும்பு இன்னும் மெலிந்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தச் சார்ட்டின் 'கூடாது' பட்டியலில் பெருங்காயம் இல்லை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காய டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். சார்ட் எழுதியவர் நம் ஊர் ரசத்தை யோசிக்கவே இல்லை.

இட்லி, சோறு என்று இருக்கும் வீட்டில் கோதுமையைக் குறைத்தால் குடி முழுகிவிடாது, பிஸ்கட் குறைந்தால் நல்லதுதான். நான் பயப்படுவது சில பாட்டில்களுக்கு. அந்த ஒன்பதில் மூன்றில் வைட்டமின் டி இருந்தது. உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் வைட்டமின் அது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தி வரும், மலச்சிக்கல் இன்னும் இறுகும். பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் நரம்பைக் கெடுக்கும்.

அதைவிடப் பயம் ஊசிக்கு. உடம்பிலிருந்து பாதரசத்தை எடுக்கிறோம் என்று கீலேஷன் செய்வார்கள். 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயது ஆட்டிசச் சிறுவனுக்கு அப்படி ஏற்றிய மருந்து ரத்தத்தின் கால்சியத்தை இழுத்துவிட, இதயம் நின்று இறந்துபோனான். குளோரின் டை ஆக்சைடு சொட்டு மருந்து என்று இணையத்தில் விற்பது காகித ஆலைகளில் கூழை வெளுக்கப் பயன்படும் பிளீச் வகை. ஸ்டெம் செல் சிகிச்சைக்காக நகையை அடகு வைக்க யோசித்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது, அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

சரி, வயிற்றுக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு மலச்சிக்கல் அதிகம். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை தலையை முட்டிக்கொள்ளும், ராத்திரி அலறும். அது சரியானாலே பாதி வீடு அமைதியாகும். இரும்புச்சத்து குறைந்தால் தூக்கம் கெடும், அதை மருத்துவர் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுவார். கோதுமை நிஜமாகவே ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே டெஸ்ட் எடுக்க வேண்டும். நிறுத்திவிட்டு எடுத்தால் முடிவு தப்பாக வரலாம். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் குழந்தை மருத்துவர்கள் இருக்கிறார்கள், முதலில் அங்கே காட்டுங்கள்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். தயிர் சாதம் திரும்ப வந்தது, இந்த முறை ஒளிக்காமல். பாட்டில்களைக் குழந்தை மருத்துவரிடம் அனுப்பினேன், இரண்டுதான் மிஞ்சின. அப்புறம் ஆறாவது ஐட்டத்துக்கு முயன்றோம். அவனுக்குப் பிடித்தது மொறுமொறுப்பு என்பதால் அப்பளத்திலிருந்து வறுத்த நெத்திலிக்குப் போகலாம் என்றேன். காசிமேட்டில் நெத்திலிக்கா பஞ்சம்? முள்ளோடு தின்றால் கால்சியமும் ஆச்சு. முதல் வாரம் தட்டோரம் வைத்ததற்கே தட்டைத் தள்ளினான். அப்புறம் தொட்டான், முகர்ந்தான், நக்கிப் பார்த்துத் துப்பினான். ஏழாவது வாரம் ஆயா போன் செய்தார். "மேடம், முழுசா ஒண்ணு தின்னுட்டான். இன்னொண்ணு வேணும்னு என் கையப் புடிச்சு இழுக்குறான், குடுக்கலாமா?"