ட்ரியாஜ்: ஆள் பார்ப்பதும் ஆளைப் பார்ப்பதும்

வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற பெரியப்பாவுக்கு மண்வெட்டி காலில் பட்டுவிட்டது. சாரத்தைக் கிழித்துக் கட்டி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாசலில் ஒரு தாதி கட்டை அவிழ்த்துப் பார்த்தார், நாடி பிடித்தார், துண்டில் ஏதோ எழுதினார், வாங்கில் இருத்திவிட்டார். அரை மணித்தியாலம் போயிருக்கும். இன்னொருவர் நடந்து வந்தார். காயம் இல்லை, இரத்தம் இல்லை. முகமெல்லாம் வேர்த்து, ஒரு கை நெஞ்சில். அவரை நேரே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பெரியப்பாவுக்கு வந்ததே கோபம். "நாங்களெல்லோ முதல் வந்தது? ஆள் பார்த்துத்தான் உள்ளை விடுறாங்கள்!"

அந்தத் தாதி செய்த வேலைக்குப் பெயர் ட்ரியாஜ். வந்தவரில் யாருக்கு உடனே கை வைக்க வேண்டும், யார் கொஞ்சம் இருக்கலாம், யார் நெடுநேரம் இருக்கலாம் என்று வாசலிலேயே பிரிப்பது. வைத்தியர், கட்டில், மருந்து எல்லாம் அளவாக இருக்கும் இடத்தில் இது இல்லாமல் முடியாது.

சொல் பிரெஞ்சுக்காரருடையது. 'த்ரியே' என்றால் பிரித்தெடுப்பது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது ஆட்டு மயிரைத் தரம் பிரிப்பதற்குத்தான் அதைச் சொன்னார்கள். பிறகு கோப்பிக்குப் போனது. பிரித்து முடிய மிஞ்சும் உடைசல் கொட்டைக்கே ட்ரியாஜ் என்று பெயர். நோயாளர் பக்கம் அது நன்றாக நிலைத்தது முதலாம் உலகப் போர்க் காலத்தில். வேலை மட்டும் நோயாளர் பக்கம் அந்தச் சொல் வருமுன்பே இருந்தது. நெப்போலியனின் படையில் அறுவை வைத்தியராக இருந்த லாரே, பதவி பார்க்காமல், ஆபத்தான காயக்காரருக்கு முதலில் சிகிச்சை என்று விதி வைத்தார். தளபதியின் கீறலுக்கு முன் சிப்பாயின் அறுந்த கால். கிரிமியப் போரில் ரஷ்ய வைத்தியர் பிரகோவ் காயக்காரரை ஐந்து கூட்டமாகப் பிரித்தார். பிழைக்கமாட்டார் என்று கண்டவரைத் தாதியரிடமும் குருமாரிடமும் விட்டார். கேட்கக் கொடுமைதான். ஆனால் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக வந்து விழும் இடத்தில் இதுவும் ட்ரியாஜின் ஒரு பகுதி. அதனால்தான் இதை 'முன்னுரிமை' என்று மட்டும் மொழிபெயர்த்தால் போதாது. மிக மோசமானவர்தான் எப்போதும் முதல் ஆள் என்றில்லை.

எனக்கு இது விளங்கியது வெங்காயத்தில். கிண்டிக் காயவிட்ட பிறகு பெரியம்மா முற்றத்தில் சாக்கை விரித்துக்கொண்டு இருப்பார். நன்றாக விளைந்து காய்ந்தது பிடி கட்டித் தூக்குவதற்கு. அது மாதக்கணக்கில் கிடக்கும். நசிந்தது, ஈரம் பட்டது அன்றைக்கே கறிக்கு. விரல் வைத்தவுடன் நீர் விடுவது வேலிக்கு அப்பால். கெட்டுக்கொண்டிருப்பதற்குத்தான் அவசரம், நல்லது காத்திருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தரம் பிரித்தல்' பொருளில் கிட்ட வருகிறது, புகையிலைக்கும் அதுதான் சொல். ஆனால் அதைப் பெயர்ச்சொல்லாக்கித் 'தரப்படுத்தல்' என்று எழுதிப் பாருங்கள். 1970களில் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் அந்தப் பெயரில் தமிழ் மாணவருக்கு இடம் குறைந்ததைக் கண்ட யாழ்ப்பாணத்துக் காதுக்கு அந்தச் சொல் வேறொன்றைத்தான் சொல்லும். 'இனம் பிரித்தல்' என்று அகராதித்தனமாக ஒரு சொல் இருக்கிறது. அதை நம்முடைய ஆஸ்பத்திரி வாசலில் எழுதி வைக்க எவருக்காவது துணிவு உண்டா?

'தெரிவு' நல்ல சொல், நாம் அன்றாடம் புழங்குவது. ஆனால் தெரிவு என்றால் சிலரை எடுத்து மற்றவரை விடுவது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் சிறுநீரக இயந்திரங்கள் மிகச் சில. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்க்காரர் ஏழு பேரைக் குழுவாக இருத்தினார்கள். அவர்கள் வயது, தொழில், குடும்பம், கோயிலுக்குப் போகும் வழக்கம் என்று எல்லாம் பார்த்தார்கள். அது தெரிவு. ட்ரியாஜில் எல்லோருக்கும் ஓர் இடம் உண்டு, கடைசி இடமாக இருந்தாலும்.

நான் 'பகுப்பு' என்பேன். முழுப்பெயர் வேண்டுமானால் 'நோயாளர் பகுப்பு'. பகு என்ற வேரில் பகுதியும் இருக்கிறது, பங்கும் இருக்கிறது (பகையும் அங்கிருந்துதான் என்பார்கள், அது ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவருக்குத் தெரியும்). பகுத்தறிதல் என்பதில் பார்த்து விளங்கிப் பிரிக்கும் பொருளும் வந்துவிடுகிறது. இன்னொரு வசதி: இருக்கிற மருந்தையும் பணத்தையும் எந்த வாட்டுக்கு எவ்வளவு என்று கொடுப்பதைப் பங்கீடு என்கிறோம். கூப்பன் காலம் முதல் தெரிந்த சொல். வாசலில் ஆட்களுக்குப் பகுப்பு, உள்ளே பொருளுக்குப் பங்கீடு. 2022இல் இலங்கையில் மருந்து தட்டுப்பட்டு, அவசரமில்லாத அறுவைகளைத் தள்ளிப் போட்டபோது இரண்டும் சேர்ந்தே நடந்தன. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மண்ணில் இந்த ஒரு சொல்லுக்கு வழியில்லாமல் போகாது.

பெரியப்பா சொன்னதையும் விட்டுவிட மனமில்லை. 'ஆள் பார்த்து' என்றால் இன்னாருடைய ஆள் என்று பார்த்து. 'ஆளைப் பார்த்து' என்றால் அவர் மூச்சையும் நாடியையும் பார்த்து. நடுவில் ஓர் 'ஐ'தான். லாரே சொன்னது அந்த 'ஐ'யைத்தான்.

ஆறு தையலோடு திரும்பும்போது ஓட்டோவில் இதெல்லாம் அவருக்குச் சொன்னேன், வெங்காயக் கதை உட்பட. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப நான் என்ன, பிடி கட்டித் தூக்கிற வெங்காயமோ?"