ஒளி மங்கினால் ஹீட்டரில் கை வைக்காதீர்கள்

மறுபடியும் ஒரு புறஊதாக் குழாய் பழுதாகி வந்திருக்கிறது; எலக்ட்ரான் கற்றையை டார்கெட் என்ற ஒளிரும் அடுக்கில் மோதவிட்டுப் புறஊதா ஒளி தரும் வெற்றிடக் குழாய் இது. எலக்ட்ரானை உமிழும் கேத்தோடின் பேரியம் கலந்த பூச்சு உதிர்ந்து, கற்றையைக் கட்டுப்படுத்தும் கிரிட் முழுக்கப் பேரியம் படிந்திருக்கிறது. "ஒளி குறைந்ததால் ஹீட்டரை 6.3 வோல்ட்டிலிருந்து 7.5-க்கு ஏற்றினோம்" என்று கூடவே ஒரு குறிப்பு. கேத்தோடைச் சூடாக்குவது இந்த ஹீட்டர்தான். இப்படி எத்தனை எலக்ட்ரான் துப்பாக்கிகளைத்தான் கொல்வீர்கள்?

கேத்தோடைச் சூடாக்கினால் கற்றை கூடும் என்பது எப்போதும் உண்மையல்ல. சரியாக வடிவமைத்த துப்பாக்கியில் கேத்தோடு தேவைக்கு மேலேயே எலக்ட்ரான்களை உமிழ்கிறது. மிஞ்சியவை அதன் முன் மேகமாகத் திரண்டு, பின்னால் வருபவற்றைத் தடுக்கின்றன. கற்றையின் அளவைத் தீர்மானிப்பது அந்த மேகமும் மின்புலமும்தான், சூடு அல்ல. இந்த நிலையில் மின்னோட்டம் எவ்வளவு என்று சொல்லும் சைல்டு–லாங்மியூர் விதியில் வெப்பநிலைக்கு இடமே கிடையாது. வோல்டேஜும் மின்முனைகளுக்கு இடையிலான தூரமும் மட்டுமே. கிரிட் இல்லாத துப்பாக்கியில் 10 கிலோவோல்ட்டை 12 ஆக்கினால் மின்னோட்டம் 31 சதவீதம் கூடும். ஹீட்டரை ஏற்றினால் மேகம் தடிக்கும், அவ்வளவுதான். ஆவியான பேரியமோ கிரிட்டில் படிந்து, கிரிட்டே எலக்ட்ரானை உமிழத் தொடங்கும். பிறகு கற்றையை முழுதாக நிறுத்தவும் முடியாது.

சந்தேகம் இருந்தால் ஹீட்டர் வோல்டேஜைச் சில நிமிடம் 10 சதவீதம் குறைத்துப் பாருங்கள். மின்னோட்டம் அசையாவிட்டால் கேத்தோடு நலம். சரசரவென்று விழுந்தால் அது தளர்ந்துவிட்டது. ஏற்றிப் பயனில்லை, மாற்றுங்கள். குறைத்த சூட்டிலேயே ஓட்டவும் கூடாது. குளிர்ந்த ஆக்சைடுப் பூச்சை எஞ்சிய வாயு எளிதில் நஞ்சாக்கும்.

மின்னோட்டம் அப்படியே இருந்தும் ஒளி மங்குகிறதா? குற்றம் டார்கெட்டிலோ ஜன்னலிலோ இருக்கிறது. டார்கெட்டில் ஒளியைத் தருவது எலக்ட்ரான்–துளை ஜோடிகள் (எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமும்) மறுபடி சேர்வதுதான். அப்படி ஒரு ஜோடியை உருவாக்க ஏறத்தாழ மூன்று பட்டை இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) அளவு ஆற்றல் செலவாகிறது. ஆக, மூன்றில் இரண்டு பங்காவது வெப்பமாகிறது. டார்கெட்டின் பின்புறம் வெப்பம் வெளியேற வழியில்லை என்றால் ஒளித்திறன் சரியும். கற்றையின் ஆற்றலை ஏற்றுவதும் தீர்வாகாது: டார்கெட் பொருளான அலுமினியம் நைட்ரைடில் 10 கிலோவோல்ட் கற்றை சுமார் 1 மைக்ரோமீட்டர் போகும், 20 கிலோவோல்ட் 3 மைக்ரோமீட்டரைத் தாண்டும். ஒளிரும் அடுக்கு மெல்லியதானால் ஆற்றல் அதன் அடியில் வீணாகிறது. வெற்றிடம் அசுத்தமாக இருந்தால் கற்றை படும் இடத்தில் கரிப்படலம் வளரும். உறுப்புகளைச் சுட்டு வாயு நீக்காமல் மூடியவர்களுக்கு இது கட்டாயம் வரும்.

மின்னோட்டத்தை டார்கெட்டிலிருந்து தரைக்குத் திரும்பும் கம்பியில் அளவிடுங்கள். டார்கெட் தரையுடன் (எர்த்) இணைந்திருந்தால் கேத்தோடும் ஹீட்டரும் மைனஸ் 10 கிலோவோல்ட்டில் மிதக்கின்றன. சாதாரண மீட்டரை ஹீட்டர் முனையில் வைக்காதீர்கள், தயவுசெய்து. ஹீட்டர் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பும் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.

"கண்ணாடி எக்ஸ் கதிரைத் தடுத்துவிடும்" என்பதையும் நம்பி இருக்காதீர்கள். 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரை 2 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் பெரும்பாலும் விழுங்கிவிடும். 20-க்கு அருகிலுள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடும். வோல்டேஜை ஏற்றும் ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சு அளவியை வைத்துப் பாருங்கள், பாலிகார்பனேட் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். புறஊதா பட்ட கண் உடனே வலிக்காது; சில மணி நேரம் கழித்துத்தான் எரியும்.